இல்லஸ்ட்ரேட்டர்ல வரைஞ்சத வெப்ல ஆட வைக்கிறது எப்படி

வரையற சாஃப்ட்வேரான இல்லஸ்ட்ரேட்டர்ல போட்ட படத்த, அத ஆட வைக்கிற சாஃப்ட்வேரான ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு கொண்டு போறப்ப பாதி பேர் மாட்டுறது லேயர்லதான் (படத்தோட அடுக்குகள்), ஏன்னா மேல்மட்ட லேயர் மட்டும்தான் தனித்தனியா வரும், உள்ள இருக்குறதெல்லாம் ஒட்டிக்கிட்டே வரும். அதனால இல்லஸ்ட்ரேட்டர்லயே லேயர்ஸ் பேனல் மெனுல 'ரிலீஸ் டு லேயர்ஸ் (சீக்வென்ஸ்)' குடுத்து, வந்தத எல்லாம் வெளிய இழுத்து போட்டு கை, கால், கண்ணுன்னு பேரும் வச்சிருங்க, 'லேயர் 47'ன்னு விட்டா அப்புறம் நீங்கதான் அழுவீங்க. கலர் மோடு ஆர்ஜிபி (ஸ்கிரீனுக்கான கலர் முறை). ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இம்போர்ட் பண்றப்ப ஃபுட்டேஜ் வேணாம், லேயர் தனித்தனியா வர்ற காம்போசிஷன குடுங்க. அப்புறம் லேயர் மேல ரைட் கிளிக்ல 'கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் வெக்டர் லேயர்', இத விட்டா பாடிமூவின் (அனிமேஷன வெப்புக்கு எடுத்துக் குடுக்குற பிளக்இன்) அத வெக்டரா, அதாவது பெருசாக்கினாலும் உடையாத கோடுகளா எடுக்காது. கிரேடியன்ட் (ஒரு கலர்ல இருந்து இன்னொண்ணுக்கு மெல்ல மாறுறது) சொதப்பலாம், எனக்கு ஒரு தடவ சூரியனே சாம்பலா வந்து நின்னுச்சு, கையால திரும்ப போட்டுக்கங்க. அனிமேட் பண்ணி முடிச்சு பாடிமூவின்ல ரெண்டர் குடுத்தா வெப்ல ஓடுற அனிமேஷன் ஃபைலான லாட்டி ஜேசன் ரெடி.