ட்ரஃப் ஃபேனில் கை வைக்கும் முன்: பூட்டுப் போடும் முறை

தேயிலை ஃபெக்டரியில் பிட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். கொழுந்தைப் பரப்பி, காற்றடித்து வாட்டும் நீளத் தொட்டியான ட்ரஃபின் ஃபேனில் பெயாரிங் சத்தம் போடுகிறது, கழற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

நம்ம பழைய ஃபெக்டரிகளில் ட்ரஃப் எல்லாம் மேல்மாடியில் இருக்கும். சுவிட்ச் போர்டு பல இடங்களில் கீழே. நான் வேலை பழகிய காலத்தில் ஒரு விடியற்காலை கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. கொழுந்து கெட்டுவிடுமே என்ற அவசரத்தில், கீழே இருந்த அண்ணன் பச்சை பட்டன்களை வரிசையாக அழுத்திக்கொண்டே போனார். ஃபேன் சுற்றத் தொடங்கியபோது நான் ஸ்பேனர் எடுக்கத் திரும்பியிருந்தேன். இல்லையென்றால் கை போயிருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது, நான் உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரிடமும் அந்தப் பக்கம் கொழுந்து பரப்புகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அப்புறம் சிவப்பு பட்டனை அழுத்தி, இறக்கை முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, அந்த ஃபேனுக்கு உரிய ஐசொலேட்டரை, அதாவது கரண்டைத் துண்டிக்கும் கைப்பிடி சுவிட்சை, இறக்குங்கள். ஓடும் மோட்டாருக்கு நேரே ஐசொலேட்டரை இழுத்தால் உள்ளே தீப்பொறி பறக்கும், அதனால்தான் இந்த வரிசை. சிவப்பு பட்டனை மட்டும் நம்பாதீர்கள். அது கொன்டாக்டரை, அதாவது பட்டனுக்கு ஏற்ப மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்சை, விடுவிக்கும், அவ்வளவுதான். கொன்டாக்டரின் மேல்முனையில் 400 வோல்ட் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து வரும் மெயினை மட்டும் இறக்கினாலும் போதாது, ஜெனரேட்டர் வழியாகக் கரண்ட் திரும்ப வரலாம்.

இறக்கிய கைப்பிடியில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. அதற்கென்றே பல துளையுள்ள கொக்கி கிடைக்கிறது. பெயர், நேரம், என்ன வேலை என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அட்டையையும் தொங்கவிடுங்கள். அட்டை மட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நம்ம ஊர் ஈரத்தில் மை கரையும், நூல் அறுந்து விழும்.

பூட்டியதும் சோதனை. டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு மோட்டார் முனைகளில், மூன்று பேஸுக்கும் (கரண்ட் வரும் மூன்று கம்பிகளுக்கும்) இடையிலும், ஒவ்வொரு பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும். மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் ஒரு முறை. கடைசியாகப் பச்சை பட்டனை அழுத்துங்கள், ஃபேன் அசையக் கூடாது. உடனே சிவப்பையும் அழுத்திவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. மலைக்காற்று சன்னல் வழியே அடித்தால் இறக்கை தானாகவே சுற்றும். விரல் நசுங்க அது போதும். கயிற்றால் இறக்கையைச் சட்டத்தோடு கட்டிவிட்டுத்தான் கூண்டுக்குள் கை வைக்க வேண்டும்.

மற்ற மெஷின்களிலும் இப்படித்தான், கரண்ட் தவிர வேறு என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். கொழுந்தை உருட்டும் ரோலரில் மேலே தூக்கி நிற்கும் அழுத்துமூடியின் பாரம். தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சோர்ட்டரில் குழாயில் அடைபட்ட காற்று: வால்வை மூடி, மீட்டர் பூச்சியத்துக்கு வரும்வரை வெளியேற்றுங்கள். ட்ரையரின் விறகு அடுப்பு, நெருப்பை வெளியே எடுத்த பிறகும் மணிக்கணக்கில் சுடும்.

வேலை முடிந்ததும் ஸ்பேனர்களை எண்ணி எடுத்து, கூண்டை மாட்டி, ஆட்களை விலகச் சொல்லி, உங்கள் பூட்டை நீங்களே திறவுங்கள். இடையில் ஷிப்ட் மாறினால், அடுத்தவர் தன் பூட்டைப் போட்ட பிறகுதான் உங்களுடையதைக் கழற்ற வேண்டும். கூண்டை மாட்டும் முன் கட்டின கயிற்றை அவிழ்த்தீர்களா என்று பாருங்கள். நான் ஒரு தடவை மறந்தேன். பட்டனை அழுத்தியதும் மோட்டார் சுற்றாமல் உறுமியது.