ஒரே குறியீடு, ஆளுக்கொரு பிளான்: டெராஃபார்ம் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேகக் கணினியில் சர்வர், தரவுத்தளம் போன்ற வளங்களைக் குறியீடாக எழுதி உருவாக்கும் கருவி டெராஃபார்ம். என்ன மாறப்போகிறது என்று அது முன்கூட்டியே காட்டும் பட்டியல்தான் பிளான். ஒரே கிளையிலுள்ள குறியீட்டை இருவர் தத்தம் கணினியில் இயக்குகிறார்கள். ஒருவருக்கு ‘மாற்றம் ஏதுமில்லை’ என்று வருகிறது. மற்றவருக்கோ மூன்று வளங்களை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கப்போவதாகச் சொல்கிறது. சாதாரணச் செயலி என்றால் ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற பேச்சில் அரை நாள் வீணாகும், அவ்வளவுதான். இங்கே மடிக்கணினியில் தட்டும் கட்டளை, மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தையே தொடுகிறது.

இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம், புரொவைடர்களின் (டெராஃபார்மை மேகச் சேவையோடு இணைக்கும் செருகுநிரல்களின்) பதிப்பைக் குறித்துவைக்கும் லாக் கோப்பைக் கிட்டில் (குழுவின் பொதுக் குறியீட்டுக் களஞ்சியத்தில்) சேர்க்காமல் விடுவது. பெயர் புள்ளியில் தொடங்குவதால், தற்காலிகக் கோப்பு என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் புதிதாக இனிட் (தொடக்கக் கட்டளை) செய்பவருக்கு அன்றைய புதிய புரொவைடர் பதிப்பு இறங்கும். 2022 பிப்ரவரியில் அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸுக்குரிய புரொவைடர் 4.0 வந்தபோது இதுதான் நடந்தது. எஸ்3 பக்கெட் எனும் கோப்புச் சேமிப்பிடத்துக்குள்ளேயே எழுதிவந்த வெர்ஷனிங், ஏசிஎல் (அணுகல் அனுமதி) போன்ற அமைப்புகள் தனித்தனி வளங்களாகப் பிரிக்கப்பட்டன. நேற்றுவரை ஓடிய குறியீடு, பதிப்பைக் கட்டிவைக்காதவர்களிடம் பிழை காட்டி நின்றது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: லாக் கோப்பு புரொவைடர்களை மட்டுமே பூட்டும். வெளியிலிருந்து எடுக்கும் மாட்யூல்களின் (ஆயத்தக் குறியீட்டுத் தொகுப்புகளின்) பதிப்பை நாம்தான் குறியீட்டில் எழுத வேண்டும். மேக்கிலும் லினக்ஸிலும் வேலை செய்யும் குழு, இரண்டு தளங்களுக்குமான ஹாஷ்களையும் (சரிபார்ப்புக் குறிகளையும்) ‘புரொவைடர்ஸ் லாக்’ கட்டளையால் அதில் பதிந்துவிடுவது நல்லது.

டெராஃபார்மின் பதிப்பையும் குறியீட்டிலேயே வரையறுங்கள். ஒரே ஸ்டேட்டை (உருவாக்கிய வளங்களின் பதிவேட்டை) ஒருவர் டெராஃபார்மாலும் இன்னொருவர் அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபுவாலும் தொடுவது கூடவே கூடாது.

எனக்கு மிகவும் அச்சம் தருவது கணக்கு மாறிப்போவது. ஒரு முனையத்தில் சோதனைக் கணக்கு, பக்கத்து முனையத்தில் உற்பத்திக் கணக்கு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கவனமாக இருங்கள் என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை, களைத்த மனிதர் தவறத்தான் செய்வார். அனுமதிக்கப்பட்ட கணக்கு எண்ணை ஏடபிள்யூஎஸ் புரொவைடர் பகுதியிலேயே எழுதிவைக்க முடியும். வேறு கணக்கின் சான்றுகளோடு இயக்கினால் பிளான் கட்டத்திலேயே நின்றுவிடும். ஒரே வரிதான், ஆனாலும் பல குழுக்கள் அதை எழுதுவதில்லை.

ஸ்டேட் கோப்பைக் கிட்டில் வைப்பதும் பெரிய தவறு. அதில் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் அப்படியே கிடக்கக்கூடும். இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி பூட்டும் வசதியுள்ள தொலைச் சேமிப்பில் வையுங்கள். எஸ்3 பயன்படுத்துகிறவர்களுக்கு டெராஃபார்ம் 1.10 பதிப்பிலிருந்து பூட்டுக்கென்று தனி டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ்ஸின் தரவுத்தளச் சேவை) அட்டவணைகூடத் தேவையில்லை. பூட்டு விழுந்திருக்கும்போது வலிந்து திறக்கும் கட்டளையைக் கை தேடும். அதற்கு முன் யார் பூட்டியது என்று திரையில் வரும் பெயரைப் படித்து, அவரிடம் கேட்டுவிடுங்கள்.

குறியீட்டை ஒழுங்குபடுத்தும் ‘எஃப்எம்டி’யைக் கமிட்டுக்கு முன் தானாக ஓடவிட்டால் இடைவெளி, வரிசை பற்றிய பேச்சே எழாது.

கடைசியாக, நம் கணினியில் ஒரு கட்டளை வரிசை, சிஐ பைப்லைனில் (குறியீட்டைத் தானாகச் சோதித்து இயக்கும் அமைப்பில்) வேறொரு வரிசை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் ஒரே மேக்ஃபைலை (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பை) அழைக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவர் குறியீட்டை இறக்கி அந்த ஒரு கட்டளையைத் தட்டும்போது, பைப்லைன் காட்டும் அதே பிளான் அவர் திரையிலும் வர வேண்டும்.