ராக் கச்சேரிக் கூட்டத்தில் செய்யக்கூடாதவை

வருடக்கணக்காக ஒலிப்பதிவில் மட்டுமே கேட்ட இசைக்குழு நேரில் வருகிறது என்றால் கால் தரையில் பாவாது. அந்தப் பரவசம் எனக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, கதவருகே நெருக்குவது. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டியில் 'தி ஹூ' குழுவின் கச்சேரி. பெரும்பாலான டிக்கெட்டுகளுக்கு இருக்கை எண் இல்லை, முந்தியவருக்கே முன்னிடம். குளிரில் மணிக்கணக்காக வெளியே நின்றவர்கள், உள்ளே இசைச் சத்தம் கேட்டதும் கச்சேரி தொடங்கிவிட்டதாக நினைத்து முண்டியடித்தார்கள். திறந்திருந்ததோ சில கதவுகள்தான். 11 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். கச்சேரி முடியும்வரை குழுவினருக்கு விஷயமே தெரியாது.

இப்படிப்பட்ட சாவுகளை மிதிபட்டுச் சாவதாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நின்றபடியே உயிர் போய்விடும். நாலாபுறமும் அழுத்தும்போது மார்பு விரிய இடமில்லை. மூச்சை உள்ளே இழுக்க முடியாது. பின்வரிசையில் இருப்பவர் லேசாகத்தான் தள்ளுகிறார். ஆனால் ஒவ்வொருவருடைய தள்ளலும் சேர்ந்து முன்னால் நிற்பவர் மேல் இறங்குகிறது. அவர் படும் பாடு பின்னால் இருப்பவருக்குத் தெரிவதே இல்லை.

அடுத்த தவறு, 'இன்னும் ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போகலாம்' என்று நிற்பது. ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் போனாலே ஆபத்து. 6, 7 என்று ஏறினால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், நம் கால் நம் பேச்சைக் கேட்காது. அங்கே நின்று யார் எண்ணிக்கொண்டிருப்பது? கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியவில்லை என்றால் ஏற்கெனவே நெரிசல் அதிகம். உடனே ஓரத்துக்கு நகருங்கள்.

சரி, மாட்டிக்கொண்டால்? அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள். இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். அலை தணியும்போதெல்லாம் குறுக்காக ஓரம் நோக்கி ஓரிரு அடி வையுங்கள். கத்தினால் மூச்சு வீணாகும். செல்போன் விழுந்தால் போகட்டும், குனியாதீர்கள். யாராவது விழுந்தால் மட்டும் பக்கத்தில் உள்ளவர்களோடு சேர்ந்து உடனே தூக்கிவிடுங்கள். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் 'பேர்ல் ஜாம்' என்ற ராக் குழு மேடையில் இருந்தபோது, மழையில் நனைந்த தரையில் விழுந்தவர்கள் எழ முடியாமல் போய் 9 பேர் இறந்தார்கள். குழு பாட்டை நிறுத்திப் பின்னால் நகரச் சொன்னது. மேடையிலிருந்து அப்படி ஒரு குரல் வந்தால் காரணம் தேடாமல் நகர்ந்துவிடுங்கள்.

காதடைப்பான் போடாமல் ஸ்பீக்கர் பக்கம் நிற்பதும் தவறு. 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடமே காதுக்கு அதிகம்.

அப்புறம், வந்த வழியை மட்டுமே நினைவில் வைப்பது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில், கச்சேரிக்காகக் கொளுத்திய வாணத்தின் பொறி சுவரில் இருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். வேறு வாசல்கள் இருந்தும் பெரும்பாலானோர் தாங்கள் நுழைந்த முன்வாசலுக்கே ஓடி, அங்கே சிக்கிக்கொண்டார்கள். உள்ளே போனதும் இன்னொரு வாசல் எங்கே என்று பாருங்கள். முடிந்தால் அதன் பக்கமாகவே நின்று பாட்டைக் கேளுங்கள்.