கணினியில் நேரம் தப்பா? வித்தியாசத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

கணினியில் நேரம் தப்பாகத் தெரிந்தால் உடனே அதை மாற்றப் போகாதீர்கள். கைபேசியோடு ஒப்பிட்டு, எவ்வளவு தப்பு என்று பாருங்கள். கோளாறு எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று மதர்போர்டில், அதாவது கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையில் இருக்கிறது. கணினியை அணைத்தாலும் ஓடும். இன்னொன்றை விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் நடத்துகிறது. கணினியைத் திறக்கும்போது இது முந்தையதைப் பார்த்துத்தான் நேரம் எடுத்துக்கொள்ளும்.

சரியாக இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறதா? சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவந்த லேப்டாப்பாக இருந்தால் நேர மண்டலம் இந்தியாவிலேயே நிற்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டேட் அண்ட் டைம் என்று போங்கள். ‘டைம் ஸோன்’ பட்டியலில் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் ஒரே வரியில் +08:00 என்று இருக்கும். (1982இல் மலேசியத் தீபகற்பம் அரை மணி முன்னே நகர்ந்தபோது சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது.) அதைத் தேர்ந்தெடுங்கள். மண்டலத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் கையால் மாற்றுவது பெரிய தொல்லை. காலை 10 மணிக்கு என்று நீங்கள் அனுப்பும் மீட்டிங் அழைப்பு, சிங்கப்பூரில் உள்ள சக ஊழியருக்கு 12:30 என்று போய்ச் சேரும்.

சில நிமிடம்தான் பிசகா? அதே பக்கத்தில் ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள், போதும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, எட்டு மணி நேரம் தள்ளிக் காட்டினால் அது வேறு கதை. மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கும். உலக நேரம் (UTC, சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம் பின்னால்) இருப்பதாக லினக்ஸ் நினைக்கும். லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையின் ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’ அமைப்பை 1 ஆக்கினால் (timedatectl set-local-rtc 1) சண்டை தீரும்.

பிளக்கைப் பிடுங்கி மாட்டும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னே ஓடுகிறதா? அப்போது இணையதளங்களும் ‘பாதுகாப்பில்லை’ என்று திறக்க மறுக்கும், ஏனென்றால் அவற்றின் சான்றிதழ்களுக்குத் தேதி வரம்பு உண்டு. அநேகமாக மதர்போர்டு கடிகாரத்தை ஓட வைக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரிதான். பிட்லாக்கர் (வட்டில் உள்ளதைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் மீட்புக் குறியீட்டை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிடவே கூடாது. கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பழைய பேட்டரி எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று படம் எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

அப்புறம், திறக்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய்த் தேதியையும் நேரத்தையும் பதியுங்கள். விண்டோஸ் மட்டும் இருந்தால் சிங்கப்பூர் நேரம். லினக்ஸ் மட்டும் இருந்தால் அதிலிருந்து எட்டு மணி நேரத்தைக் கழித்துப் போடுங்கள்.