அவசரமில்லாத வேலையை ஒதுங்கி ஓட வைப்பது எப்படி

சொந்தக்காரர்களின் பழைய கல்யாண கேசட்டுகளை வீடியோ ஃபைலாக மாற்றித் தருவது என் பொழுதுபோக்கு. நான்கு கோர் (செயலியில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள பழைய லேப்டாப், அதில் உபுண்டு என்ற லினக்ஸ். வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் ஓட ஆரம்பித்தால் நான்கு கோரையும் பிடித்துக்கொள்ளும். பிரவுசர் திக்கித் திணறும். உடனே பிரவுசரின் முன்னுரிமையை ஏற்றத்தான் பலருக்கும் தோன்றும். என் கட்சி வேறு: அவசரமில்லாததை இறக்குங்கள். அதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதிகூட வேண்டாம்.

லினக்ஸில் இதற்கு நைஸ் மதிப்பு என்று ஓர் எண் உண்டு. -20 முதல் 19 வரை போகும், வழக்கமாக 0 இருக்கும். எண் ஏறினால் முன்னுரிமை இறங்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 0-க்கு 1024, 10-க்கு 110, 19-க்கு 15 என்று எடை போடுகிறது. ஆக, ஒரே கோருக்கு 0-உம் 10-உம் மோதினால், 10-க்குக் கிடைப்பது பத்து சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. மோதல் இல்லையென்றால் 19-இல் இருப்பதும் முழு கோரையும் எடுத்துக்கொள்ளும். அதனால் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு என் கேசட் வேலை ஒன்றும் தாமதமாவதில்லை.

புதிதாகத் தொடங்கும் வேலை என்றால் கட்டளைக்கு முன்னால் நைஸ் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், மதிப்பு 10 ஆகிவிடும். (கட்டளைகளை டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து.)

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்தான் கவனம் தேவை. பிஜிரெப் எஃப்எஃப்எம்பெக் என்று அடித்தால் ஓடும் அந்த வேலையின் பிராசஸ் எண் வரும். 4821 என்று வைத்துக்கொள்வோம். ரீநைஸ் 15 4821 என்று கொடுத்தால் பிழை எதுவும் வராது, ஆனால் பிரவுசர் திணறுவதும் நிற்காது. ஒரு பிராசஸ் தன் வேலையைப் பல த்ரெட்டுகளாக, அதாவது இணையாக ஓடும் இழைகளாகப் பிரித்துக்கொள்ளும்; லினக்ஸில் நைஸ் மதிப்பு ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி. இந்தக் கட்டளை முதல் த்ரெட்டை மட்டும் மாற்றும், என்கோடிங் செய்யும் மற்ற த்ரெட்டுகள் 0-விலேயே ஓடும். டெர்மினலில் நேரடியாகத் தொடங்கிய வேலை என்றால் ரீநைஸ் 15 -ஜி 4821 என்று கொடுங்கள். அந்தக் குழுவின் எல்லா த்ரெட்டும் மாறும். அப்புறம் மனசு மாறி 0-க்குத் திரும்ப வேண்டுமென்றால் சூடோ (ரூட் அனுமதியோடு ஓட்டும் கட்டளை) வேண்டும். ஏற்றிய எண்ணை இறக்க சாதாரணப் பயனருக்குப் பொதுவாக அனுமதி கிடையாது.

இவ்வளவு செய்தும் பலன் இல்லையா? கெர்னலின் ஆட்டோகுரூப் வசதி காரணமாக இருக்கலாம். 2011-இல் 2.6.38 கெர்னலோடு வந்தது. இது ஒவ்வொரு செஷனையும் (உதாரணமாக, ஒவ்வொரு டெர்மினல் ஜன்னலையும்) ஒரு குழுவாக்கி, நைஸ் மதிப்பை அந்தக் குழுவுக்குள் மட்டும் பார்க்கும். வேறு செஷனில் இருக்கும் பிரவுசருக்கு அதனால் லாபம் இல்லை. ப்ராக் கோப்புறைக்குள் 4821 என்ற கோப்புறையில் ஆட்டோகுரூப் என்றொரு ஃபைல் இருக்கும். அதில் 15 என்று எழுதினால் குழுவே மொத்தமாக இறங்கும்.

ரேம் நிரம்பி ஸ்வாப் (ரேமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) ஓடிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் உதவாது. முதலில் பிரவுசர் டேப்களை மூடுங்கள்.

விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போய், பிராசஸின் மேல் ரைட் கிளிக் செய்து, செட் பிரையாரிட்டியில் பிலோ நார்மல் தேர்ந்தெடுங்கள். ரியல்டைம் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், மவுஸே நின்றுவிடலாம்.