மலைக் கொரில்லாவுக்குக் குடற்புழு: எங்கே தவறு செய்கிறோம்?

உகாண்டாவின் புவிண்டி தேசியப் பூங்காவில் காடு முடிகிற இடத்திலேயே தோட்டம் தொடங்கிவிடும். மலைக் கொரில்லாக்கள் இறங்கி வந்து வாழை மரத்தைக் கிழித்துத் தண்டைத் தின்னும், யூகலிப்டஸ் பட்டையை உரிக்கும். ஆடுமாடுகளும் குழந்தைகளும் நடமாடுகிற அதே மண்ணில் கையூன்றி நடக்கும். உலகத்தில் மிச்சமிருப்பதே ஆயிரத்துச் சொச்சம் மலைக் கொரில்லாக்கள்தான். அதனால் அவற்றின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பது பெரிய விஷயம்.

புழு முட்டையைப் பார்த்ததும் மருந்து கொடுக்கத் துடிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. காட்டில் வாழும் எந்த மனிதக் குரங்கின் மலத்தைச் சோதித்தாலும் ஏதாவது புழு இருக்கும். காலங்காலமாக அவை புழுக்களோடுதான் வாழ்கின்றன, சமாளிக்கவும் தெரிந்து வைத்திருக்கின்றன. தான்சானியாவின் மஹாலே மலையில் சிம்பன்சிகள் காலையில் வெறும் வயிற்றில் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் மடித்து விழுங்கும். அந்த இலைகள் முழுசாக, சில நேரம் புழுவையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கூட்டம் முழுவதற்கும் ஊசியம்பு எய்து மருந்து செலுத்தினால் விலங்குகள் மிரளும். மண்ணில் கிடக்கும் முட்டைகளும் இளம்புழுக்களும் அப்படியேதான் இருக்கும். வயிற்றுப்போக்கு, மெலிவு என்று நோய் தெரிந்தால் வைத்தியம் பார்க்கலாம். மனிதர்களிடமிருந்து புதிதாக ஏதாவது தொற்றுகிறதா என்பதைத்தான் முக்கியமாகக் கண்காணிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பதிலும் அவசரப்படுகிறோம். முட்டை தினமும் ஒரே அளவில் வெளிவராது. ஒரே ஒரு மல மாதிரியில் முட்டை இல்லை என்பதால் புழுவே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. கொரில்லா தினமும் புதுக் கூடு கட்டித் தூங்கும், அதிலேயே மலமும் கழிக்கும். அதனால் அடுத்தடுத்த நாட்களில் மாதிரி எடுப்பது நடக்கக்கூடிய காரியம்தான். அப்புறம், கொக்கிப்புழுவின் முட்டையும், குடல் சுவரில் முடிச்சுகளை உண்டாக்கும் ஈசோபேகோஸ்டோமம் புழுவின் முட்டையும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். முட்டையைப் பொரிக்க வைத்து இளம்புழுவைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டிஎன்ஏ சோதனை செய்ய வேண்டும். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ஸாங்கா-சங்கா காட்டில் மனிதர்களும் கொரில்லாக்களும் ஒரே வகைக் கொக்கிப்புழுக்களைச் சுமக்கிறார்கள் என்பது 2014இல் டிஎன்ஏ சோதனையால்தான் தெரிந்தது. மாதிரியை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் மட்டும் போட்டு வைத்தால் இந்தச் சோதனைக்கு அது சரிவராது. ஒரு பங்கை எத்தனாலில் வைக்க வேண்டும்.

சுற்றுலாப் பயணிகள் முகக்கவசம் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது சளி, காய்ச்சலுக்கு. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற குடல் ஒட்டுண்ணிகள் மலத்தின் வழியாகப் பரவுகின்றன. கையில் தடவும் சானிடைசருக்கு அது சாகாது. சோப்புப் போட்டுக் கழுவத்தான் வேண்டும். காட்டுக்குள் அவசரம் என்றால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டித் தருவார். கூச்சப்பட்டு மறைவாக ஒதுங்குவதுதான் ஆபத்து. வயிறு சரியில்லை என்றால் அன்று போகவே போகாதீர்கள்.

கிராமத்து மக்கள் மேல் மட்டும் பழியைப் போடுவதும் தவறு. 1996இல் புவிண்டி கொரில்லாக்களுக்குச் சொறி பரவி ஒரு குட்டி இறந்தது. தோட்டத்துச் சோளக்கொல்லை பொம்மைகளுக்கு உடுத்திய பழைய துணிகளிலிருந்து தொற்றியிருக்கலாம் என்று கருதப்பட்டது. அதற்கு வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா, மக்களைத் திட்டவில்லை. 2003இல் அமைப்பு ஒன்றைத் தொடங்கி, கொரில்லாக்களின் நலத்தோடு ஊர்க்காரர்களின் உடல்நலத்தையும் சேர்த்துக் கவனித்தார். அதுதான் சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன். கொரில்லாக்களுக்கு அருகில் தினமும் போகிறவர்கள் வனக்காவலர்களும் தடம் பார்ப்பவர்களும்தான். அவர்களுக்கு மட்டும் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளை விட்டுவிட்டால், கழிப்பறையும் இல்லையென்றால், கொஞ்ச நாளில் அவர்களுக்கே மறுபடி புழு வந்துவிடும்.