மூத்த தாரத்துப் பிள்ளையின் கடனும் குடியிருக்கும் வீடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவரின் அல்லது மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்து வளர்ந்து ஆளான பிள்ளை கடனில் சிக்கியதும், வீட்டில் இருப்பவர்களை முதலில் பிடித்துக்கொள்வது பயம்தான். அவன் கடனுக்கு நம் வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களா? வயது வந்த ஒருவர் வாங்கிய கடனுக்கு, உறவு என்ற ஒரே காரணத்துக்காகப் பெற்ற தகப்பனே பொறுப்பாக மாட்டார். மாற்றாந்தாய் எப்படிப் பொறுப்பாவார்? அந்தக் கடன் வீட்டைத் தொட இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று நீங்கள் போட்டுக் கொடுத்த கையெழுத்து அல்லது ஒப்படைத்த பத்திரம். மற்றது அந்தப் பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் பங்கு. நடக்கும் தவறுகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விடுவதில்தான் தொடங்குகின்றன. இங்கே சொல்பவை இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நடைமுறையையும் ஒட்டியவை. வாரிசுரிமை பற்றிய பகுதி இந்துக் குடும்பங்களுக்கானது.

ஜாமீன் கையெழுத்தைச் சம்பிரதாயமாக நினைப்பது

"சும்மா ஒரு கையெழுத்து சித்தி, மேனேஜர் கேட்கிறார்" என்று பிள்ளை வந்து நிற்கும்போது மறுப்பது கடினம். மறுத்தால் மாற்றாந்தாய் புத்தியைக் காட்டிவிட்டாள் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்து போட்ட கையெழுத்துகளால்தான் பல வீடுகள் ஏலத்துக்குப் போகின்றன.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-ன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. முதலில் பையனிடம் வசூல் செய், முடியாவிட்டால் என்னிடம் வா என்று வங்கியிடம் சொல்ல முடியாது. நேராக உங்களிடமே வரலாம். தவணை தவறினால் உங்கள் சிபில் அறிக்கையிலும் அது தெரியும்.

கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், பத்திரத்தில் மூன்று இடங்களை நிறுத்திப் படியுங்கள். உத்தரவாதத் தொகைக்கு உச்சவரம்பு எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கப்பட்டிருக்கிறதா? 'இப்போதும் இனிமேலும் வாங்கும் எல்லாக் கடன்களுக்கும்' என்ற வாசகம் இருக்கிறதா? உங்களைக் கேட்காமல் தவணையையோ வட்டியையோ மாற்ற முன்கூட்டியே சம்மதம் தருவதாக எழுதியிருக்கிறதா? இரண்டாவது வாசகம் இருந்தால், இன்றைய 5 லட்சக் கடனுக்குப் போட்ட கையெழுத்து நாளைய 25 லட்சத்துக்கும் நிற்கும். மூன்றாவது மிக முக்கியம். உங்கள் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால், அதற்குப் பிறகு நடக்கும் பரிவர்த்தனைகளுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்கிறது பிரிவு 133. அந்தப் பாதுகாப்பைத்தான் அச்சடித்த படிவம் உங்களிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்கிறது.

தொழிலுக்கான ஓவர்டிராஃப்ட் போன்றவற்றுக்குக் கொடுப்பது தொடர் உத்தரவாதம். அதைப் பிரிவு 130-ன் கீழ் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் இனி எடுக்கும் பணத்துக்குத்தான் அது செல்லும். ஏற்கெனவே எடுத்த பணத்துக்கு நீங்கள் பொறுப்பாளரே. பிள்ளையின் தொழில் ஆட்டம் காண்பது தெரிந்த அன்றே, பதிவுத் தபாலில் கிளை மேலாளருக்கு எழுதி, அன்றைய நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

கையெழுத்து கேட்கவில்லையே என்று பத்திரத்தைக் கொடுப்பது

"மூலப்பத்திரத்தை மட்டும் கொடுங்க, எழுத்தே வேண்டாம்" என்றால் அதுதான் பெரிய எழுத்து. கடனுக்கு ஈடாக உரிமைப் பத்திரங்களை ஒப்படைப்பதே அடமானமாகும் என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 58. வெற்றுப் புரோநோட்டும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் இதே ரகம். பிள்ளையின் கடனுக்காக நீங்கள் கொடுத்த காசோலை திரும்பினால், அது பிள்ளையின் கடன்தானே என்ற வாதம் எடுபடாது. ஜாமீன்தாரர் கொடுத்த காசோலைக்கும், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொல்லிவிட்டது. தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

அலைச்சல் மிச்சம் என்று பிள்ளைக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அதில் அடமானம் வைக்கும் அதிகாரம் ஒரு வரியில் இருந்தாலே போதும், வீடு போகலாம். பட்டா மாற்றவோ வரி கட்டவோ மட்டும் என்றால், அந்த வேலையை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். உரிமை ஆவண ஒப்படைப்பு, அடமானம், அதிகாரப் பத்திரம் என்று தெரியாத பதிவு ஏதாவது இருந்தால், ஆவண எண்ணைக் குறித்து நகல் வாங்குங்கள். பதிவு செய்யாத கைமாற்று அதில் வராது.

யாருக்கு எவ்வளவு பங்கு என்று தெரியாமலே இருப்பது

தகப்பனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில், அவர் உயிரோடு இருக்கும்வரை எந்தப் பிள்ளைக்கும் பங்கில்லை. பிள்ளையின் கடன்காரர் அந்த வீட்டை எதுவும் செய்ய முடியாது. 'தாத்தா சொத்து, அதனால் பேரனுக்குப் பிறப்பிலேயே பங்கு' என்பதும் எல்லாச் சமயத்திலும் சரியில்லை. தாத்தா சுயமாகச் சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், தகப்பனாருக்கு வந்த பாகம் அவருடைய தனிச் சொத்து. உண்மையான கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்து என்றால் கதை வேறு. அதில் பிள்ளைக்குப் பிறப்பால் பங்கு உண்டு. அந்தப் பங்கை அவருடைய கடன்காரர் ஜப்தி செய்யலாம்.

பெரிய சிக்கல் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்த பிறகு வருகிறது. ஒரு கணக்கு பாருங்கள். வீட்டின் மதிப்பு 60 லட்சம். இருப்பவர்கள் இரண்டாவது மனைவி, அவருடைய மகள், மூத்த தாரத்து மகன்கள் இருவர். ஆளுக்கு 4-ல் 1 பங்கு, 15 லட்சம். இறந்தவரின் தாயார் உயிரோடிருந்தால் அவருக்கும் சம பங்கு, எல்லாருக்கும் 5-ல் 1. மூத்த மகனுக்கு 12 லட்சம் கடன். கடன்காரர் தீர்ப்பு வாங்கி, அவருடைய பிரிக்கப்படாத பங்கை ஜப்தி செய்து ஏலம் விடலாம். முழு வீட்டையும் ஏலம் விட முடியாது.

ஏலம் எடுத்த வெளியாள் மறுநாளே வந்து ஓர் அறையில் உட்கார முடியுமா என்றால், முடியாது. குடும்ப வீட்டில் அப்படிக் கூட்டு அனுபோகம் கேட்க அவருக்கு உரிமையில்லை என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 44. அவர் பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். போட்டால், பாகப்பிரிவினைச் சட்டம் 1893, பிரிவு 4-ன்படி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்புக்கு அந்தப் பங்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். வீட்டைக் காப்பாற்றும் உரிமை இது. தெரியாமலே பலர் கோட்டை விடுகிறார்கள்.

மாற்றாந்தாயின் பெயரில் உள்ள வீட்டுக்குக் கணக்கு வேறு. கணவரின் மூத்த தாரத்துப் பிள்ளை அவருக்கு 'மகன்' என்ற முறையில் வாரிசாக மாட்டார். ஆனால் அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லாமல் கணவரும் முன்பே இறந்திருந்தால், கணவரின் வாரிசு என்ற வழியில் அதே பிள்ளை வந்துவிடுவார். அவரோடு அவருடைய கடன்காரரும் வருவார். வீடு மாற்றாந்தாயின் பெற்றோர் வழி வந்ததென்றால் மட்டும், அது அந்த அம்மாளின் தகப்பனாரின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

உயிலைத் தள்ளிப்போடுவதும், கடன் முற்றிய பின் பத்திரம் மாற்றுவதும்

தனிச் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். சாட்சிகள் இருவர் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. கடனில் இருக்கும் பிள்ளையை ஒதுக்க மனம் வராவிட்டால், அவருடைய பாகத்தை அவர் பிள்ளைகள் பெயருக்கு எழுதலாம். பேரப்பிள்ளைக்கும் கிடைக்கும், கடன்காரர் கைக்கும் போகாது.

'அப்பா சொத்தில் பங்கு கேட்க மாட்டேன்' என்று தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையிடம் எழுதி வாங்கி வைப்பது பொதுவாகச் செல்லாது. இன்னும் வராத வாரிசுரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. தகப்பனார் இறந்த பிறகு எழுதும் விடுதலைப் பத்திரம் செல்லும். ஆனால் கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் எழுதியது என்றால், சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 53-ன் கீழ் கடன்காரர் அதை உடைக்கலாம். நீதிமன்றம் ஜப்தி செய்த பிறகு எழுதினால் அந்தக் கடன்காரரைக் கட்டுப்படுத்தவே செய்யாது. நியாயமான விலை கொடுத்து, பணத்தை வங்கி வழியாகச் செலுத்தி, முடிந்தால் கடன்காரருக்கே நேராகக் கட்டிப் பங்கை வாங்குவதுதான் நிற்கும் வழி.

நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வைப்பது

வீடு அடமானத்தில் இருந்தால், 90 நாள் தவணை தவறியதும் கணக்கு வாராக்கடன். அதன்பின், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டம் 2002, பிரிவு 13(2) நோட்டீஸ் வரும். 60 நாள் அவகாசம். அதற்குள் ஆட்சேபனை எழுதினால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. வீட்டை வங்கி கைப்பற்றியதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ் ஒட்டிய பிறகு, 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இந்த விவகாரத்தில் உள்ளூர் சிவில் கோர்ட்டுக்குப் பொதுவாக அதிகாரமில்லை. அங்கே தடை கேட்டு அலைவதிலேயே 45 நாள் ஓடிவிடும். முழு நிலுவையையும் கட்டி மீட்பதற்கான கடைசி வாய்ப்பு ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான், ஏல நாள் வரை அல்ல. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வட்டிக்கு விடும் தனிநபருக்கும் இந்த அதிகாரம் கிடையாது. அவர் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும். வீட்டைப் பூட்டுவேன் என்று மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே தனித் தடைச் சட்டம் இருக்கிறது.

பிள்ளை அதே வீட்டில் குடியிருந்தால் அமீனா வந்து சாமான்களை ஜப்தி செய்யக்கூடும். டிவி, ஃபிரிட்ஜ் பில்களை உங்கள் பெயரில் எடுத்து வையுங்கள். உங்கள் பொருளை எடுத்தால் அதே நீதிமன்றத்தில் உரிமைகோரும் மனு போடலாம். உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி ஆகியவற்றைத் தொடக் கூடாது. வங்கியின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. உறவினரை மிரட்டுவதும் அவமானப்படுத்துவதும் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கட்டி முடித்ததும் அசந்துவிடுவது

பிள்ளைக்காக நீங்கள் கட்டினால், உங்கள் கணக்கிலிருந்தே கட்டி ரசீதில் 'ஜாமீன்தாரர் செலுத்தியது' என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பணத்தைப் பிள்ளையிடம் திரும்பக் கேட்கும் உரிமை அப்போதுதான் ஆதாரத்தோடு நிற்கும். கடன் முழுதாகத் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்து, புது வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.